சார்லஸ் கெட்டரிங்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஒரு நாள் வைகறையிலே, திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமணாசிரமத்தின் வாயிலுக்கு அணித்தாய்ச் செங்கம் சாலையில் நின்ற மோட்டார் வண்டி ஒன்றை நாமும் நம் கல்லூரி மாணவர் நால்வரும் தள்ளலானோம். வண்டி நம் பழைய மாணவர் ஒருவருடையது. முதல் நாள் இரவு உள்விளக்கை அணைக்க மறந்துவிட்டமையால் பேட்டரி அடியோடு வற்றிப்போயிற்று. சாவியைத் திருப்பினால் டக்கென்னும் சிற்றோசை ஒன்று எழுந்ததேயன்றி எஞ்சின் எழவில்லை. நம் மாணவருள் ஒருவர் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை. தள்ளினால் கிளம்பாத வண்டி உலகத்தில் இல்லை என்பது அவர் குலக் கொள்கை. அவர் உறுதியை நம்பி நாமும் மேல்வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கை கொடுத்தோம். மரத்தடியில் அமர்ந்திருந்த சாதுக்கள் இருவரும் தேநீர்க் கடைக்காரர் ஒருவரும் அழையாமலே வந்து சேர்ந்துகொண்டனர்.

யமலிங்கம் இருக்கும் திசை நோக்கி நெடுந்தூரம் தள்ளினோம். மார்கழிப் பனியிலும் வியர்வை வழிந்தது. வண்டியோ மாட்டு வண்டிபோல் உருண்டு வந்ததேயொழிய ஒரு முறை இருமுதலும் செய்திலது. அப்போது அவ்வழி வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, கால் வைக்குமிடத்தில் கிளச் இல்லாமையைக் கண்டு நகைத்தார். தானே கியர் மாறும் வண்டியைப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் தள்ளினாலும் மலையைச் சுற்றிய புண்ணியம் கிட்டுமேயன்றி எஞ்சின் கிளம்பாது என்று அவர் விளக்கினார். பிறகு தமக்குத் தெரிந்த வாடகைக் கார் ஒன்றை வருவித்து, அதன் பேட்டரியினின்று இரு கம்பிகளை இதற்குப் பூட்டி, சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் அக்கணமே எழுந்தது.

திரும்பும் வழியில் மாணவர் நம்மை விடவில்லை. அறுவர் எழுவர் வலிமையால் ஆகாதது ஒரு சிறு பெட்டியிலிருந்து வந்த மின்சாரத்தால் எங்ஙனம் ஆயிற்று என்றும், தள்ளி எழுப்பும் வழியை வண்டி செய்தோர் ஏன் அடைத்தனர் என்றும் வினவினர். இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடினால் ஒருவர் வாழ்க்கையிலே போய் முடிகிறது. நியூயார்க் நகரத்துப் புற்றுநோய் மருத்துவ நிலையமாகிய ஸ்லோன் கெட்டரிங் என்னும் பெயரைப் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்பர். அப்பெயரின் பிற்பாதிக்கு உரியவரே அவர். அவர் சரிதத்தை நம் மாணவர் பொருட்டு இங்கே சுருங்க வரைகின்றோம்.

சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓஹையோ மாகாணத்தில் லௌடன்வில் என்னும் சிற்றூரையடுத்த பண்ணை வீடொன்றில் பிறந்தார். குடியானவர் குடும்பம். பிள்ளைக்கு அறிவுக் கூர்மை மிகுதி. கண்ணின் கூர்மையோ குறைவு. சிறிது நேரம் படித்தாலும் தலைவலி வந்து வருத்தும். ஆயினும் உள்ளூர்ப் பள்ளியை முடித்து, ஓரறைக் கிராமப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தார். ஏறக்குறைய அக்காலத்திலேதான், 1896-ம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவர் மதுரையை விட்டு அண்ணாமலையை வந்தடைந்தார். ஒருவருக்கொருவர் எத்தொடர்பும் இல்லை. நாம் வண்டி தள்ளிய இடம் பின்னவர் பெயரால் விளங்குவதாதலின் இதனையும் குறித்தோம்.

ஆசிரியத் தொழிலில் சேர்த்த பொருளைக் கொண்டு கெட்டரிங் கல்லூரி புகுந்தார். கண் நோய் அவரைப் பாதியில் வெளியேற்றியது. அவர் வீட்டில் முடங்கவில்லை. தொலைபேசிக் கம்பெனியொன்றில் கம்பம் நடும் கூலியாட்களோடு சேர்ந்து மண் தோண்டினார். வெளிக்காற்றும் உடலுழைப்பும் கண்ணுக்கு ஓய்வாயின. கம்பி வேலையில் மின்சாரத்தின் நடையும் அவருக்குப் பழகியது. அவ்வேலையின்போதுதான் ஆலிவ் வில்லியம்ஸ் என்னும் நங்கையைக் கண்டு, பின்னர் 1905-ல் மணந்தார். மறுபடியும் ஓஹையோ மாகாணக் கல்லூரியில் சேர்ந்து, உடனுறை மாணவர் பாடநூல்களைப் படித்துக் காட்டச் செவியாற் கேட்டு, 1904-ல் மின்சாரப் பொறியியற் பட்டம் பெற்றார். வயது இருபத்தெட்டை நெருங்கியிருந்தது. வயது கடந்து கல்லூரி வந்தோமென்று நாணும் மாணவர் நம்மிடையேயும் உண்டாதலின் இதனைச் சிறிது விரித்துச் சொன்னோம்.

பட்டம் பெற்றவுடன் டேட்டன் நகரில் நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் என்னும் கம்பெனி அவரை அமர்த்திக்கொண்டது. கடைகளில் பணம் வாங்கும் பதிவுப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனி அது. அந்நாளில் அப்பெட்டியைத் திறக்கக் கையால் ஒரு பிடியைச் சுற்றுதல் வேண்டும். மின்சார மோட்டார் ஒன்று அவ்வேலையைச் செய்யலாகாதா என்று எண்ணியோர் பலர். தேவையான வலிமையுள்ள மோட்டார் பெட்டியினும் பெரிதாயிருக்குமே என்று கைவிட்டோரும் அவர்களே. கெட்டரிங் அதனை வேறு வகையாய் நோக்கினார். நாள் முழுதும் ஓயாது சுழலும் மோட்டாரைத்தான் பெரிதாகச் செய்தல் வேண்டும். இல்லையேல் சூடேறி எரிந்துவிடும். பெட்டி திறப்பதோ ஒரு நொடி வேலை. ஒரு நொடி உழைத்துப் பல நிமிஷம் ஓய்ந்திருக்கும் சிறு மோட்டாரிடம் அதன் அளவுக்கு மீறிய வேலையை வாங்கலாம். சூடேறுமுன் வேலை முடிந்துவிடும். இக்கருத்தைக் கொண்டு அவர் மின்சாரப் பதிவுப் பெட்டியைச் செய்து முடித்தார். எத்துணை வலிமை வேண்டும் என்று யாவரும் கேட்க, எத்துணை நேரத்திற்கு வேண்டும் என்று கேட்டது அவர் தனித்திறம். அவருடைய பிற்காலப் புகழ் முழுவதும் இவ்வொரு வினாவிலிருந்து முளைத்ததென்றே நாம் கருதுகின்றோம்.

அக்கம்பெனியில் எட்வர்ட் டீட்ஸ் என்பார் அவருக்கு நண்பரானார். டீட்ஸ் வீட்டுப் பின்புறத்துக் களஞ்சியக் கொட்டகையில், பகல் வேலை முடித்து வந்த தோழர் சிலர் இரவில் கூடி, மோட்டார் வண்டிக்குரிய மின்சாரப் பொறிகளை ஆராய்ந்தனர். அக்கூட்டம் 1909-ல் டெல்கோ என்னும் கம்பெனியாயிற்று. எஞ்சினுக்குள் பெட்ரோலைக் கொளுத்தும் தீப்பொறிக் கருவியே முதல் சரக்கு. காடிலாக் வண்டிகளைச் செய்த ஹென்றி லீலண்ட் அதனை விரும்பி வாங்கினார்.

அந்நாளில் மோட்டார் வண்டியைக் கிளப்பும் முறை இக்காலத்து இளைஞர் பலர் கண்டிராதது. வண்டியின் முன்புறத் துளையில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி, ஒருவர் குனிந்து நின்று வலிமையெல்லாம் கூட்டிச் சுற்றுதல் வேண்டும். நம் நாட்டிலும் லாரிகளில் ஹேண்டில் போடுதல் கிளீனர் கற்கும் முதற்பாடமாயிருந்தது; அம்பாஸடர் காருக்குங்கூட அத்துளையும் கைப்பிடியும் இருந்தன. சுற்றும்போது தீப்பொறி உரிய காலத்துக்கு முந்தி விழுந்துவிடுமாயின் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கையிலுள்ள இரும்பு அவ்வுதையோடு திரும்பிவந்து முன்கையையோ தாடையையோ முறிக்கும். ஆகவேதான் பழைய ஓட்டுநர், கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற நான்கு விரல்களோடு ஒருபுறமாய் வைத்துப் பிடிக்கும்படி பையன்களைத் தலையில் குட்டிக் கற்பித்தனர்.

பைரன் கார்ட்டர் என்னும் வண்டி செய்வோர் ஒருவர், டெட்ராயிட் நகரையடுத்த தீவொன்றில் எஞ்சின் நின்று தவித்த ஒரு மாதுக்கு உதவப்போய்க் கைப்பிடி தாக்கி, அக்காயத்தின் தொடர்பாய் இறந்தார் என்றும், அவர் நண்பராகிய லீலண்ட் அத்துயரத்தால் இனித் தம் வண்டி ஒருவரையும் கொல்லலாகாது என்று உறுதிகொண்டு கெட்டரிங்கை நாடினார் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. காலமும் நோயும் குறித்து நூல்கள் தம்முள் மாறுபடுவதால் அதனை முழுதும் வரலாறென்று கொள்ளத் துணியோம். இக்கார்ட்டர் செய்த வண்டியில் பற்சக்கரக் கியரே இல்லை. இரு தட்டுகள் உராய்ந்து வேகத்தைப் படிப்படியின்றி மாற்றும் அமைப்பு அதில் இருந்தது. கியர் மாற்றும் தொல்லையை ஒழிக்க முயன்றவரைக் கைப்பிடியின் தொல்லையோடு சேர்த்துக் கதை சொல்வது நம் நெஞ்சை ஏனோ தொடுகின்றது.

எது எவ்வாறாயினும், லீலண்ட் கேட்டதும் கெட்டரிங் முயன்றதும் உண்மை. எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் எஞ்சினளவே பெரிதாயிருக்க வேண்டும் என்று அறிஞர் கூறினர். கெட்டரிங்குக்கு இது பதிவுப் பெட்டியின் பழைய கதையே. எஞ்சின் பற்றிக்கொள்ளச் சில நொடிகள் போதும். அச்சில நொடி மட்டும் சிறு மோட்டார் தன் அளவுக்கு மீறி உழைக்கட்டும் என்றார். அவர் அமைப்பில் ஒரே யந்திரம் இரு தொழில் செய்தது. முதலில் பேட்டரியின் மின்சாரம் வாங்கி இருபத்துநான்கு வோல்ட்டில் எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் எழுந்தபின் தானே டைனமோவாகி ஆறு வோல்ட்டில் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். வாங்கிய கடனை ஓடும் வழியிலேயே அடைத்துவிடும் இவ்வேற்பாடு அதன் உயிர்நாடி. 1911-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அது வண்டியில் பூட்டிக் காட்டப்பட்டது. 1912-ம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகளில் இடம் பெற்றது. காப்புரிமை 1915-ல் கிடைத்தது.

அதன் பயன் மிகப் பெரிது. கைவலிமை இல்லாரும், முதியோரும், பெண்டிரும் பிறர் உதவியின்றி வண்டியைக் கிளப்பலாயினர். அதுவரை நகரத்து மாதர் பலர், சுற்ற வேண்டாத காரணத்தாலேயே, பேட்டரியால் ஓடும் மின்சார வண்டிகளை விரும்பி வாங்கினர். பெட்ரோல் வண்டிக்குக் கைப்பிடி நீங்கியபின் மின்சார வண்டிகளின் வாணிபம் தளர்ந்து போயிற்று. நூறாண்டு சென்று இன்று அவை மீண்டும் தெருவுக்கு வந்துள்ளன.

கெட்டரிங்கின் மற்றச் செயல்களை விரிக்கின் ஏடு கொள்ளாது. மின்சாரக் கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்குச் சிறு எஞ்சினால் விளக்கேற்றும் டெல்கோ லைட்டைச் செய்தார். டெல்கோ கைமாறி ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோடு கலந்தபின், 1920 முதல் 1947 வரை அதன் ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்தார். விரைவில் உலரும் வண்டிச் சாயம், ரயில் எஞ்சினுக்கு ஏற்ற டீசல் யந்திரம் ஆகியவை அவர் மேற்பார்வையில் உருவாயின. தோல்வியும் உண்டு. தண்ணீர் வேண்டாமல் செம்புத் தகடுகளால் காற்றில் குளிரும் எஞ்சின் ஒன்றை அவர் வற்புறுத்தினார். 1923-ல் அவ்வகை ஷெவர்லே வண்டிகள் சில நூறு செய்யப்பட்டு, சூடு தாங்காமல் திரும்பப் பெறப்பட்டன.

இனிச் சொல்லப்போவது இனியதன்று. ஆயினும் மறைத்தல் அறமன்று. அக்காலத்து எஞ்சின்களில், மேடேறும்போது உள்ளே சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழும். கெட்டரிங்கின் தீப்பொறிக் கருவியே இதற்குக் காரணமென்று சிலர் பழித்தனர். அவரோ குற்றம் பெட்ரோலினது என்று கண்டு, மருந்து தேடும் பணியைத் தம் உதவியாளராகிய தாமஸ் மிட்ஜ்லியிடம் ஒப்புவித்தார். 1921-ம் ஆண்டு டிசம்பரில் ஈயத்தின் கூட்டுப்பொருளொன்றைச் சிறிதளவு கலந்தால் அவ்வோசை அடங்குவது தெரிந்தது. சாராய வகையைக் கலந்தாலும் அடங்கும் என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். ஆனால் அது யாரும் காய்ச்சக்கூடியது, காப்புரிமைக்கு அகப்படாதது. ஈயத்தைத் தேர்ந்தனர். 1923-ல் டேட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு அதற்கென ஒரு கம்பெனி எழுந்தது. முதல் தலைவர் கெட்டரிங்.

அவ்வாண்டு அக்டோபரில் நியூஜெர்ஸி மாகாணத்து ஆலையொன்றில் இப்பொருளைச் செய்த தொழிலாளர் ஐவர், அறிவு பேதலித்து இறந்தனர். பலர் நோயுற்றனர். ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர், தொழிற்சாலை நச்சுக்களை ஆராய்வதில் வல்லவர், இந்த ஈயம் தெருவெங்கும் புகையாய்ப் பரவி யாவரையும் தீண்டும் என்று 1925-ல் எச்சரித்தார். விற்பனை சிறிது காலம் நின்றது; அரசாங்கம் அமைத்த குழு தடைசெய்யப் போதிய ஆதாரம் இல்லையென்றதும் மீண்டும் தொடர்ந்தது. குழந்தைகளின் மூளைவளர்ச்சியை ஈயம் குன்றச் செய்வது பிற்காலத்தில் ஐயமற நிலைநாட்டப்பட்டது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் அப்பெட்ரோல் ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் அதனை நிறுத்தியது. பதிவுப் பெட்டியிடமும் எஞ்சினிடமும் எத்துணை நேரத்திற்கு என்று கேட்டு வென்றவர், ஈயத்தினிடம் மட்டும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருப்பின், எரிந்தும் அழியாமல் மண்ணிலும் எலும்பிலும் தங்குவது ஈயம் என்பதே விடையாயிருக்கும். அவரைப் போற்றி எழுதப்பட்ட பழைய சரிதங்களில் இப்பகுதி மிகச் சிறிதாயிருப்பது நமக்கு உடன்பாடன்று.

நிற்க. தானே மாறும் கியர் கெட்டரிங் செய்ததன்று. அவர் பணியாற்றிய ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்ஸன் என்பாரின் குழுவினர் அதனை முடித்தனர்; ஹைட்ராமாட்டிக் என்னும் பெயரோடு 1939-ன் இறுதியில் 1940-ம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மோபில் வண்டிகளில் அது வந்தது. எஞ்சினையும் கியரையும் எண்ணெயின் சுழற்சியால் இணைக்கும் கருத்தோ, ஜெர்மனியில் ஹெர்மன் பெட்டிங்கர் கப்பல்களுக்கென 1905-ல் கண்டது.

கிளச் உள்ள வண்டியில் சக்கரம், கியர், கிளச், எஞ்சின் ஆகிய நான்கும் இரும்போடு இரும்பாய்ப் பிணைந்தவை. இரண்டாம் கியரில் போட்டு, வண்டி உருளும்போது கிளச்சை விட்டால், சக்கரம் எஞ்சினைச் சுழற்றிவிடும். நம் தோள்வலிமையே செல்ஃப் மோட்டாராகின்றது. தானியங்கி வண்டியில் கியர்களை இறுகப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். அவ்வழுத்தத்தைத் தருவது ஒரு பம்பு. பம்பைச் சுழற்றுவதோ எஞ்சின். எஞ்சின் உறங்கினால் பம்பு உறங்கும். பம்பு உறங்கினால் பிடிப்பு இல்லை. சக்கரம் எவ்வளவு உருண்டாலும் அச்செய்தி எஞ்சினை எட்டாது. செங்கம் சாலையில் நாம் தள்ளியது இவ்வாறு இடையில் அறுந்த ஒரு சங்கிலியையே. நெடுந்தொலைவு இவ்வாறு இழுத்துச் செல்லின் எண்ணெய் ஓடாமல் உள்ளுறுப்புகள் தேய்ந்து கெடுவதும் உண்டு என்பதை வண்டியுடையோர் குறித்துக்கொள்க.

ஆனால் முதலில் வந்த தானியங்கி வண்டிகள் இங்ஙனம் இருக்கவில்லை. சக்கரத்தின் பக்கமாக இரண்டாவது பம்பொன்றும் அவற்றில் இருந்தது. வண்டி உருண்டாலே அது சுழன்று அழுத்தம் தரும். ஆகவே அவ்வண்டிகளைப் பின்னாலிருந்து வேறொரு வண்டி முட்டித் தள்ளி, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் அளவுக்கு வேகம் பிடித்தால், எஞ்சின் எழுந்துவிடும். மனிதர் தள்ளும் வேகத்தில் அதுவும் ஆகாது. செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் ஒருகால் கைவிட்டால் மற்றொரு வழி இருக்கட்டும் என்று அன்றையோர் வைத்த பின்வாசல் அது.

கெட்டரிங்கின் முதுமையில் துயரமும் கொடையும் சேர்ந்து வந்தன. ஆல்பிரட் ஸ்லோனோடு சேர்ந்து 1945-ல் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். மறு ஆண்டே மனைவியை இழந்தார். புல் ஏன் பசுமையாயிருக்கின்றது, இலை எவ்வாறு வெயிலைப் பிடித்து உணவாக்குகின்றது என்னும் ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் வழங்கிவந்தார். ஓய்வு பெற்ற பின்னும் ஆராய்ச்சிச் சாலைக்குச் செல்வதை விடவில்லை. 1958-ம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ம் நாள், எண்பத்திரண்டாம் வயதில், டேட்டனில் காலமானார்.

அவர் மறைந்து பத்தாண்டுக்குள், அமெரிக்க வண்டிகளில் அவ்விரண்டாம் பம்பை வைப்பதை விட்டுவிட்டனர். செலவும் எடையும் குறைந்தன. கெட்டரிங்கின் செல்ஃப் மோட்டார் அத்துணை நம்பத்தக்கதாய்விட்டமையால் பின்வாசல் வேண்டாததாயிற்று. நம் மாணவரின் இரண்டாம் வினாவுக்கு விடை இதுவே. லாரிக்காரர் பிள்ளை இதனைக் கேட்டு, ஒரு பம்பை மிச்சம் பிடிக்க நம் முதுகை ஒடித்தார்களே என்று வருந்தினார்.

ஆட்டோ ஓட்டுநர் கூலி பெற மறுத்துத் தேநீர் மட்டும் அருந்தினார். வழியில் எங்கும் எஞ்சினை நிறுத்தாமல் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டும்படியும், அதற்குள் பேட்டரி தன் கடனில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் என்றும் நம் நண்பரிடம் சொல்லிச் சென்றார். நண்பர் அவ்வாறே, இறங்கி விடைபெறவும் அஞ்சி, சன்னல் வழியே கை கூப்பிக்கொண்டு செங்கம் நோக்கிப் போனார்.